பெட்டி எங்கட, திறப்பு ஆரிட்ட?

காசு குடுத்து வாங்கின ஒரு சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகும், அதைத் திறக்கக் கூடாது, உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கக் கூடாது, புதிதாக ஒன்றையும் உள்ளே வைக்கக் கூடாது என்று செய்தவன் சொன்னால் அதற்கு வாங்கினது என்று பெயர் இல்லை. வாடகைக்கு எடுத்தது என்றுதான் பெயர். இதை நாங்கள் ஒரு விளையாட்டுப் பெட்டியை வைத்துச் சொல்லப்போகிறோம். "ஒரு விளையாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு கதையோ?" எண்டு கேக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ, உங்களுக்கும் பதில் இருக்கு.

ஆர்கேட் பெட்டியைக் காணாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கிட்டத்தட்ட ஆள் உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி. நெஞ்சளவில் ஒரு ஜோய்ஸ்ரிக், ஆறேழு பொத்தான். அதற்கு மேலே திரை. 1980களிலும் 90களிலும் வெளிநாடுகளில் கடை கடையாக வைத்து, நாணயம் போட்டு விளையாடிய சாமான் இது. இப்போது அதையே கொஞ்சம் குறுக்கி வீட்டுப் பாவனைக்கு விற்கிறார்கள். வன்னிக்கு இது இரண்டு வழியால் வருகிறது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற மாமா, சித்தப்பா, தங்கட பிள்ளையள் வளர்ந்து கைவிட்டதைக் கப்பல் பொதியில் அனுப்பிவிடுவது ஒரு வழி. எங்கட பெடியள் தாங்களே பிளைவூட் வெட்டி, பழைய கொம்பியூட்டர் திரையைப் பூட்டி, ராஸ்பெரி பை எண்ட உள்ளங்கையளவு கணினியை வைத்துச் செய்வது மற்ற வழி.

வெளியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் சேமிப்பகத்தில் இருக்கிறது. ராஸ்பெரி பையில் எல்லாமே ஒரு சின்ன மெமறிக் காட்டில் இருக்கும். நகத்தால் தள்ளினால் வெளியே வரும். பழுதானால் வேறொன்று வாங்கலாம், பிரதி எடுத்து வைக்கலாம், பக்கத்து வீட்டுப் பெடியனுக்கும் குடுக்கலாம். தொழிற்சாலையில் செய்த பெட்டிகள் பலவற்றில் சேமிப்புச் சிப்பை ஈயம் வைத்துப் போட்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். வெளியே ஒரு யூஎஸ்பி வாய் கிடையாது. பன்னிரண்டு விளையாட்டு எண்டு பெட்டியில் அச்சடிச்சிருந்தால் பன்னிரண்டுதான், சாகும்வரை. அந்தச் சிப்புக்கும் ஆயுள் இருக்கு. குறிப்பிட்ட தடவைக்கு மேல் எழுதினால் அது தேயும். சிப் செத்தால் போட் சாகும். போட் செத்தால் மிஞ்சுறது ஒரு அலுமாரி, அதுவும் தட்டு இல்லாத அலுமாரி.

எங்கட வட்டம் கூடுகிற அறையிலும் இப்படி ஒரு பெட்டி நிற்கிறது, பரந்தன் பக்கம். வெளிநாட்டு உறவு ஒருவர் அனுப்பியது. பின்னேரங்களில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வரிசையில் நின்று விளையாடுவார்கள். ஒருநாள் விளையாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. திரும்பி வந்த பிறகு பெட்டி கொம்பனியின் இலச்சினையைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அடுத்த நாளும் அதுதான். செய்த கொம்பனிக்கு எழுதினோம். பெயர் வேண்டாம், எல்லாக் கொம்பனியும் இதைத்தான் எழுதும். உங்கள் நாடு எங்களின் சேவைப் பிரதேசத்துக்குள் இல்லை, ஆனாலும் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் இரத்தாகும் என்று பதில் வந்தது. இங்கே செல்லாத உத்தரவாதத்தை இரத்துச் செய்வோம் எண்டு வெருட்டுற துணிவை என்னெண்டு சொல்லுறது!

திறந்தோம். பின்பக்கப் பலகையில் எட்டு ஸ்க்ரூ. உள்ளே முக்கால்வாசி வெறும் காற்று. நடுவில் தீப்பெட்டி நாலை அடுக்கின அளவில் ஒரு போட். அதில் ஓடுவது மலிவான கைப்பேசிகளில் ஓடுகிற அதே அன்ட்ராய்ட். இதையெல்லாம் விட எங்களுக்கு ஆத்திரம் வந்த இடம் வேறு. யூஎஸ்பிக்குத் தேவையான நாலு முனையும் போட்டிலேயே இருந்தன. வெளியே கொண்டுவர ஒரு முழ வயரும் ஒரு வாயும் மட்டும்தான் தேவை. செய்தவர்கள் அந்தச் சில்லறைச் செலவை மிச்சம் பிடிக்க மறந்து விட்டதில்லை. வாங்கினவர் உள்ளே கை வைக்கக் கூடாது என்று யோசித்து விட்டிருக்கிறார்கள்.

என்ன செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறோம், உங்களுக்கும் உதவும். முதல் வேலை பிரதி எடுப்பது. சில போட்களில் ஒரு சின்னப் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், பக்கத்தில் இருக்கிற கணினி யூஎஸ்பி வழியாகச் சேமிப்பகத்தை முழுவதுமாக வாசிக்கும். எங்கட போட்டும் அந்த இனம். உள்ளே இருந்ததை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து இரண்டு இடத்தில் வைத்தோம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கரண்ட் போன நேரத்தில் பாதி எழுதினபடி நின்ற பகுதியைத் துடைத்தோம், பெட்டி எழும்பியது. பிறகு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றைப் பூட்டி, பக்கப் பலகையில் ஒரு ஓட்டை போட்டு வாயை வெளியே கொண்டுவந்தோம். அங்கே ஒரு பென்ட்ரைவ் குத்தலாம். விளையாட்டின் புள்ளிகளும் இடைநிலைப் பதிவுகளும் இப்போது அந்தப் பென்ட்ரைவில்தான் எழுதப்படுகின்றன, போட்டில் இருக்கிற சிப்பில் இல்லை. கரண்ட் போனால் கெட்டுப்போவது பென்ட்ரைவ்தான். இன்னொன்று குத்தலாம்.

இந்தக் கடைசி விசயம் எங்கட நாட்டில் சின்ன விசயம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததற்கு முழு நாடும் இருண்டது. கரண்ட் சொல்லாமல் போகிற ஊரில், எழுதுகிற இடத்தை மாற்ற முடியாத ஒரு பெட்டி, வாங்கின அன்றே சாவுக்கு நாள் குறித்த பெட்டி. இதை வடிவமைத்தவர்களுக்கு பரந்தன் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் பரந்தனில் இருக்கிறவருக்குத் திறக்கிற வசதி இருக்க வேண்டும்.

பூட்டு ஒரு பெட்டியை எப்படிக் கொல்லும் என்பதற்கு ஆர்கேட் உலகத்திலேயே பேர்போன கதை ஒன்று இருக்கிறது. 1991இல் யப்பானின் கப்கொம் கொம்பனி வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உலகம் முழுக்க ஓடியது. கள்ளப் பிரதிகளும் அதே வேகத்தில் ஓடின. கொம்பனி அதற்குக் கண்டுபிடித்த மருந்து 1993இல் வந்த சிபிஎஸ்-2 என்ற போட். அதில் விளையாட்டின் நிரல் மறைகுறியாக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கிற சாவி, ஒரு சின்ன லித்தியம் பற்றறி உயிர்கொடுத்துக்கொண்டிருக்கும் நினைவகத்தில் இருந்தது. பற்றறி தீர்ந்தால் சாவி அழியும். சாவி அழிந்தால் விளையாட்டு திரும்பி வராது. சிப் நல்லது, திரை நல்லது, பொத்தான் நல்லது, ஆனால் பெட்டி பிணம். சேகரிப்பவர்கள் அந்தப் பற்றறிக்கு வைத்த பெயர் தற்கொலைப் பற்றறி.

காசு குடுத்து வாங்கின கடைக்காரன் கள்ளன் இல்லை. ஆனால் தண்டனை அவனுக்குத்தான். பற்றறி செத்தால் போட்டைத் திரும்ப அனுப்பி, இன்னும் காசு கட்டி உயிர்ப்பிக்க வேண்டும். கொம்பனி அந்தச் சேவையை நிறுத்துகிற நாள் வரைக்கும்தான் அதுவும். கடைசியில் அந்த விளையாட்டுகளைக் காப்பாற்றியது ஆர்? பூட்டை உடைத்தவர்கள். 2001இல் ஆர்வலர்கள் குறியாக்கத்தைத் தாண்டி நிரலை வாசிக்க வழி கண்டார்கள். 2007இல் குறியாக்க முறையே முழுதாக அவிழ்ந்தது. 2016இல், செத்த போட்டுக்குள் பழைய சாவியைத் திரும்ப எழுதுகிற முறையையும் கண்டுபிடித்தார்கள். 2007 வேலையில் முக்கிய பங்கெடுத்த நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர்தான் 1997இல் மாமே என்ற மென்பொருளைத் தொடங்கியவர். பழைய ஆர்கேட் இயந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்று பதிந்து வைக்கிற வேலை அது. 2016இல் அது முற்றாகத் திறந்த மூல மென்பொருளானது. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 வீதம் இன்று சந்தையில் வாங்கக் கிடைக்காது என்றது அது. விற்கவும் மாட்டார்கள், பிரதி எடுக்கவும் விடமாட்டார்கள் என்றால் மிச்சம் இருக்கிற வழி அழிவு ஒன்றுதான்.

இப்ப ஊருக்கு வருவோம். ஒரு பொருளைச் செய்தவர் சொன்ன மாதிரி மட்டும்தான் பாவிக்க வேண்டும் என்று வன்னிச் சனம் நினைத்திருந்தால், எங்கட அம்மா அப்பாக்கள் 90களைக் கடந்திருக்க மாட்டினம். பொருளாதாரத் தடையில் பற்றறி இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் வந்த கரண்டில் வானொலி கேட்டார்கள். பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்தப் புகையின் மணம் 2002இல் பாதை திறக்கும்வரைக்கும் ஊர் முழுக்க இருந்தது என்று பெரியாக்கள் இப்பவும் சொல்லுவினம். சைக்கிள் டைனமோவைச் செய்தவரிடம் ஆரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பார். அந்த யந்திரங்கள் திறந்தால் திறபட்டன, உள்ளே பார்த்தால் விளங்கின. அதனால் உயிர் தப்பினம்.

இதை வீரக் கதையாகச் சொல்லி மகிழ எங்களுக்கு விருப்பம் இல்லை. அந்தக் காலம் திரும்பி வரவும் வேண்டாம். நாங்கள் சொல்வது ஒன்றுதான்: அந்தத் தலைமுறைக்குக் கிடைத்த யந்திரம் தடையை மீறித் திருத்தக்கூடியதாக இருந்தது. எங்கட தலைமுறைக்குத் தடை இல்லாத காலத்தில், திருத்த முடியாத யந்திரம் வருகிறது. சேவை நிலையம் கொழும்பில் இருந்தால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். பலவற்றுக்குக் கொழும்பிலும் இல்லை.

எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"இது களவுக்கு வழி இல்லையோ?" நேர்மையான கேள்வி. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை இணையத்தில் அள்ளி, ஒரு காட்டில் போட்டு விற்கிறவர்களை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. அவர்களுக்கு இந்தப் பூட்டால் ஒரு நட்டமும் இல்லை, அவர்கள் உங்கட பெட்டியைத் திறந்து எடுக்கிறவர்கள் இல்லை. பூட்டு தடுப்பது காசு குடுத்து வாங்கினவரை மட்டும்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே, ஒரு கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி சொந்தமாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ பழுதானாலோ பாவிக்க ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்கிறது. அதே சட்டம், பிரதி எடுப்பதைத் தடுக்கிற பூட்டை உடைப்பதற்கென்றே கருவி செய்து விற்பதைத் தடுக்கவும் செய்கிறது. ஒரு கையால் உரிமையைத் தந்து மற்றக் கையால் ஸ்க்ரூ ட்ரைவரைப் பறிக்கிற சட்டம். எடுக்க உரிமை உள்ள பிரதியை எடுக்க வழியே இல்லாமல் ஒரு பொருளைச் செய்து விற்கலாமா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

"ஆபத்து இல்லையோ?" சில பெட்டிகளில் இருக்கு. பழைய குண்டுத் திரை வைத்த பெட்டிகளில், செருகியைக் கழட்டின பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கி நிற்கும். அதைப் பழக்கம் இல்லாதவர்கள் தொடவே கூடாது. இப்போது வருகிற தட்டைத் திரைப் பெட்டிகள் பெரும்பாலும் வெளியே இருக்கிற அடப்டரில் இருந்து குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுகிறவை. செருகியைக் கழட்டிவிட்டுத் திறந்தால் பயம் இல்லை. ஆபத்தைக் காரணம் காட்டுகிற கொம்பனி அதற்கு ஒரு எச்சரிக்கை ஒட்டலாம், பூட்டத் தேவையில்லை.

"விளையாட்டுத்தானே, விடுங்கோ." இதுதான் எங்களுக்கு அதிகம் கிடைக்கிற பதில். விளையாட்டுத்தான். அதே பூட்டு அமெரிக்காவில் உழவு இயந்திரத்தில் இருக்கிறது. ஜோன் டியர் உழவு இயந்திரத்தின் மென்பொருளைத் திறக்க முடியாமல், அறுவடை நேரத்தில் கொம்பனியின் ஆள் வரும்வரை வயலில் காத்து நின்ற விவசாயிகள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். 2025 சனவரியில் அந்த நாட்டு வணிக ஆணைக்குழுவே கொம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டது. இரணைமடுத் தண்ணியில் விதைக்கிற எங்கட ஆக்களிடம் இருக்கிற பழைய மசி பெர்குசனை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே முழுதாகக் கழட்டிப் பூட்டலாம். அடுத்த உழவு இயந்திரம் அப்படி இருக்குமோ? பூட்டுப் போட்ட பெட்டியைப் பிள்ளையிலிருந்தே பழகின ஒரு தலைமுறைக்கு, பூட்டுப் போட்ட உழவு இயந்திரம் வந்து நிற்கும்போது ஒரு கேள்வியும் வராது. பயம் எங்களுக்கு அதுதான்.

எங்கட ஆக்களையும் விடப்போவதில்லை. பிளைவூட் பெட்டி செய்து விற்கிற சில பெடியள் இப்போது மெமறிக் காட்டைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள், கடவுச்சொல் போட்டுக் குடுக்கிறார்கள். கேட்டால், "அண்ணை, அல்லாட்டி மற்றவன் கொப்பி அடிச்சிடுவான்" என்கிறார்கள். தம்பி, நீங்கள் பாவிக்கிற இயங்குதளமும் மென்பொருளும் ஆரோ திறந்து வைத்ததால்தான் உங்கட கைக்கு வந்தது. திறந்த கதவால் உள்ளே வந்துவிட்டு, வந்த கதவை உள்ளுக்கு நின்று பூட்டுறது என்ன நியாயம்? உங்கட உழைப்புக்குக் காசு கேளுங்கோ, தாராளமாகக் கேளுங்கோ. நல்ல பலகைக்கும் நல்ல பொத்தானுக்கும் திருத்தித் தருகிறதுக்கும் காசு குடுக்கலாம். பூட்டுக்குக் குடுக்கேலாது.

இனி, இவ்வளவு நேரமும் நாங்கள் உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதைப் பற்றித்தான் கதைத்தோம். அதைவிடப் பெரியது வெளியே இருப்பதை உள்ளே வைப்பது. யூஎஸ்பி வாய் வந்த பிறகு எங்கட அறையில் நடந்ததைச் சொல்கிறோம். சாதாரண தரம் படிக்கிற ஒரு பிள்ளை, கோடோ என்ற இலவச மென்பொருளில் கிளித்தட்டு விளையாட்டு ஒன்றைச் செய்து வைத்திருந்தாள். ஒரு பழைய மடிக்கணினியில், தனக்கு மட்டும். 2023இல் வந்த கோடோ 4இல் தமிழ் எழுத்து உடையாமல் வரும். அதனால் தொடக்கத் திரையில் 'கிளித்தட்டு' என்று கொம்பு இல்லாமலும் குற்று விலகாமலும் ஒழுங்காகத் தெரிந்தது. அன்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றி, பென்ட்ரைவில் போட்டுக் கொண்டுவந்து பெட்டியில் குத்தினாள். பன்னிரண்டு விளையாட்டுக்குப் பக்கத்தில் பதின்மூன்றாவதாக அது வந்து நின்றது. நடுக்கோட்டில் ஓடுகிற கிளி கொஞ்சம் வேகம் கூடத்தான், பிள்ளைகள் திட்டித் திட்டி விளையாடினார்கள். அடுத்த நாள் வேகத்தைக் குறைத்துக் கொண்டுவந்தாள்.

இதைத்தான் பூட்டு தடுக்கிறது. களவைத் தடுக்கவில்லை, பதின்மூன்றாவதைத் தடுக்கிறது. எங்கட பிள்ளைகள் மற்றவர்கள் செய்ததை விளையாடலாம், காசு குடுக்கலாம், பொத்தானைத் தட்டலாம். ஆனால் தாங்கள் செய்ததை அதே திரையில் வைக்க இடமில்லை என்று அந்தப் பெட்டி சொல்லுது. பரந்தனில் இருந்து சில கிலோமீற்றரில் அறிவியல் நகர், அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். வவுனியாவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம். இவ்வளவு கிட்டப் படிப்பு இருந்தும், ஒரு பிள்ளை முதன்முதலில் கை வைத்துப் பழகுகிற யந்திரம் தொடாதே என்று சொல்லுகிற யந்திரமாக இருந்தால், அந்தப் படிப்புக்கு ஆர் போய்ச் சேருவினம்?

ஆகவே எங்கட கோரிக்கை நாலு. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற மாமா, மாமிமாரே, அனுப்ப முதல் பின்பக்கத்தைப் பாருங்கோ. யூஎஸ்பி வாயோ கழட்டக்கூடிய காட்டோ இல்லாத பெட்டியைக் கப்பலேற்றிக் காசைக் கரைக்காதேங்கோ. ஊரில் செய்து விற்கிற தம்பி, தங்கச்சிமாரே, காட்டை ஒட்டாதேங்கோ, பெட்டியோடு ஒரு பிரதியையும் சேர்த்துக் குடுங்கோ. பெட்டி வைத்திருக்கிறவர்களே, இந்தக் கிழமையே உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து வையுங்கோ, பழுதான பிறகு எடுக்க ஒன்றும் இருக்காது. சட்டம் செய்கிறவர்களே, பிரதி எடுக்கிற உரிமையைத் தந்தது மாதிரி, எடுக்கக்கூடிய வழியோடுதான் விற்க வேண்டும் என்றும் எழுதுங்கோ. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்துகிற உரிமைக்கென்று ஒரு பணிப்புரையே கொண்டுவந்துவிட்டது. கொழும்பில் அதைப் பற்றிக் கதைக்கிற சத்தம் எங்களுக்கு இன்னும் கேட்கவில்லை.

அதுவரைக்கும், கடையில் எந்தப் பெட்டியை உங்களுக்கு முன்னால் வைத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கோ: "இதுக்குள்ள நான் செய்ததை வைக்கலாமோ?" ஏலாது எண்டால், காசைப் பொக்கெற்றிலயே வைத்துக்கொண்டு வெளியில வாங்கோ.